அரிசி டிரம்மில் பழுத்த பழம்

எங்கள் தொழிலில் ‘இல்லை’ என்ற சொல் கிடையாது. கப்பலுக்குச் சாமான் போடுவது என் வேலை. ராயபுரத்தில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஆபீஸ். கீழே கோடவுன், மேலே நானும் ஒரு கம்ப்யூட்டரும். துறைமுகத்துக்கு வரும் கப்பல், கரை தொடப் பத்து நாள் இருக்கும்போதே மெயிலில் ஒரு லிஸ்ட் அனுப்பிவிடும். அரிசி, முட்டை, உருளைக்கிழங்கு, இன்ஜின் துடைக்கும் துணி, ஷேவிங் பிளேடு, ஒருமுறை கிடார் கம்பிகூட. கப்பல் கிளம்புவதற்குள் அத்தனையும் மேலே ஏறியாக வேண்டும். மறந்துவிட்டோம் என்று பின்னால் ஓடிக் கைகாட்டினால் நிறுத்த அது ஷேர் ஆட்டோ இல்லை.

போன ஐப்பசியில் எண்ணூருக்கு ஒரு கார் ஏற்றும் கப்பல் வருவதாக இருந்தது. லிஸ்டில் எல்லாம் கிலோவிலும் மூட்டையிலும் இருக்க, கடைசி வரி மட்டும் எண்ணிக்கையில் இருந்தது. பெர்சிமன், ஐந்து. அதற்குக் கீழே செகண்ட் ஆபீசர் தனியாக இரண்டு வரி எழுதியிருந்தார். கொரியாக்காரர். அம்மா இறந்து முதல் வருஷம் வருகிறதாம், அன்றைக்கு நடுக்கடலில் இருப்பாராம், மேஜையில் வைக்க இந்தப் பழம் கட்டாயம் வேண்டுமாம், தயவுசெய்து என்று முடித்திருந்தார்.

மேஜையில் வைப்பது என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. படையல். எங்கள் வீட்டிலும் ரெண்டு வாரத்தில் நைனாவுக்கு இரண்டாவது தெவசம் வருகிறது.

நைனாவைப் பற்றிச் சொன்னால் என் தம்பியைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவனும் கப்பலில்தான் வேலை பார்க்கிறான், இன்ஜின் ரூமில். நைனா சாத்தாங்காட்டில் இரும்புத் தகடு வெட்டும் பட்டறையில் முப்பது வருஷம் நின்றவர். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் தம்பிக்குக் கப்பல் ஏறும் தேதி வந்தது. போகாதே என்றேன். “சளிதான்க்கா, பத்து நாள்ல வூட்டுக்கு வந்துடுவாரு” என்று பையைத் தூக்கிக்கொண்டு போனான். இருபத்திரண்டாம் நாள் நைனா போய்விட்டார். தம்பி எங்கோ தண்ணீருக்கு நடுவில் இருந்தான். கொள்ளி நான் வைத்தேன். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அதையெல்லாம் நான் சட்டை செய்யவில்லை. ஆனால் தம்பியோடு அன்றைக்கு நிறுத்திய பேச்சை நிறுத்தியதுதான்.

நடுவில் ஒருமுறை லீவில் வந்து ரெண்டு மாசம் வீட்டில் இருந்தான். திருவொற்றியூரில் எங்கள் வீடு ஒரு ஹாலும் ஒரு அடுப்படியும். அதற்குள் ரெண்டு மாசம் ஒருத்தன் முகத்தைப் பார்க்காமல் நடமாடுவது சாதாரண வித்தை இல்லை, நான் செய்து காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவுக்குப் போன் செய்வான். “அக்கா வூட்ல கீதா?” என்று அவன் கேட்பது எனக்கே கேட்கும். அம்மா என்னைப் பார்ப்பாள். நான் துணி மடிப்பேன். மடித்த துணியாக இருந்தாலும் பிரித்து மடிப்பேன்.

என் கோபம் ஊரறிந்தது. அது குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி அம்மா எனக்கு ஒரு கருங்காலி பிரேஸ்லெட் வாங்கிக் கட்டிவிட்டாள். கட்டிய வாரமே லாரிக்காரன் ஒருத்தனோடு சண்டை போட்டதில் அது அறுந்து, மணியெல்லாம் சாக்கடை ஓரம் உருண்டது. பொறுக்கி மறுபடி கோர்த்தேன். ரெண்டு மணி குறைவு.

பழத்துக்கு வருகிறேன். கோயம்பேட்டில் மூன்று கடைக்காரர்கள் என்னைத் தக்காளி மண்டிக்கு அனுப்பினார்கள். கடைசியில் வண்ணாரப்பேட்டையில் குளிர்சாதனக் கிடங்கு வைத்திருக்கும் ஒரு பாய், எங்களுக்கு ஆப்பிள் போடுகிறவர், போனிலேயே சிரித்தார். “ஜப்பான் பழம்மா அது. இமாச்சல்லேர்ந்து வந்து கீது, வந்து பாரு” என்றார். போய்ப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில், கொஞ்சம் கூம்பாக, தலையில் நாலு இதழ் வைத்த காய்ந்த தொப்பியோடு மரப்பெட்டியில் அடுக்கியிருந்தது. பனம்பழத்தின் தொப்பியைப் பிடுங்கித் தக்காளிக்கு மாட்டிவிட்டதுபோல் இருந்தது. கல் மாதிரி இருந்த பன்னிரண்டைப் பொறுக்கி எடுத்தேன். கப்பலுக்கு நாங்கள் எந்தப் பழத்தையும் காயாகத்தான் வாங்குவோம். வாழை பச்சையாக, மாங்காய் கெட்டியாக, தக்காளி பாதி சிவப்பாக. பழுத்ததை ஏற்றினால் மூன்றாம் நாள் கடலில் கொட்டுவார்கள், அடுத்த லிஸ்ட் வேறு ஆளுக்குப் போய்விடும்.

“மா, இந்த ரகம் அப்டியே துன்ன முடியாது. நல்லா கொழகொழன்னு ஆவணும்” என்றார் பாய்.

“பதினேழு வருஷமா கப்பலுக்குப் பழம் போட்டுகினு கீறேன். எனுக்கே சொல்லித் தரீங்களா பாய்?” என்றேன். அவர் கையை விரித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்.

எதையும் ருசி பார்க்காமல் அனுப்புவதில்லை என்பது என் வழக்கம். அன்று சாயங்காலம் வீட்டில் ஒன்றை நறுக்கி ஒரு துண்டை வாயில் போட்டேன். முதல் கடியில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது கடியில் யாரோ வாயை உள்ளிருந்து சுருக்குப்பை மாதிரி இழுத்துக் கட்டினார்கள். நாக்கு, கன்னம், பல் ஈறு எல்லாம் ஒட்டிக்கொண்டது. துவர்ப்பு என்றால் வாழைப்பூவும் கொட்டைப்பாக்கும்தான் என்று நினைத்திருந்தவள் நான். துப்பினேன், தண்ணீர் குடித்தேன், மோர் குடித்தேன், போகவில்லை. என் முகத்தைப் பார்த்த அம்மா, அப்படி என்னதான் இருக்கிறது என்று அவளும் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். கொஞ்ச நேரம் அந்த ஹாலில் ரெண்டு பேரும் பேச முடியாமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றோம்.

“இன்னாடி இது, மருந்தா?” என்றாள், நாக்கு திரும்பிய பிறகு.

சொன்னேன். கப்பலில் ஒரு ஆபீசர், அவருக்கு அம்மா இல்லை, வருஷம் வருகிறது, படைப்பதற்கு என்று.

“படைக்கறதுக்கு வந்ததுலயா வாய வெச்சே?” என்று முதலில் என்னைத் திட்டினாள். பிறகு, “அவங்கம்மா சாவசொல்லோ அந்தப் புள்ள எங்க கீது?” என்று கேட்டாள்.

“வேற எங்க, கப்பல்லதான்.”

அம்மா மீதிப் பழங்களைக் கழுவித் துடைத்தாள். அடுப்படியில் அரிசி டிரம்மைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டுக் குழி பறித்து, பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் புதைத்தாள். நடுவில் ஒரு சீப்பு வாழைப்பழம். நைனா சீத்தாப்பழம் வாங்கி வந்தால் அப்படித்தான் பழுக்க வைப்பார். மூடியைப் போட்டு, அதன் மேல் இட்லிக் குண்டானையும் தூக்கி வைத்தாள், பழம் எழுந்து ஓடிவிடும் என்பதுபோல.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கப்பல் வர ஆறு நாள்தான் இருந்தது. ஒரு மனுஷன் அம்மாவுக்கு முன்னால் இந்தக் கொட்டைப்பாக்கை வைத்துக் கும்பிட்டு, பிறகு அதை வாயில் வைத்தால் என்ன ஆவான்? பாய் சொன்னதை ஒரு நிமிஷம் நின்று கேட்டிருக்கலாம். இந்தத் தப்பு என் வாய்க்கொழுப்பால் வந்தது, வேறு யாரையும் சொல்ல முடியாது.

தினமும் காலையில் அம்மா டிரம்மைத் திறந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பாள். அதற்கு முன் கை கழுவிக்கொள்வாள். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் புறங்கையால் தொட்டுவிட்டு, “இன்னும் ஆவல” என்று மூடிவிடுவாள். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான். அம்மா அவனிடம் பழக் கதையைத்தான் பேசினாள். “உங்கக்கா வாய் ஒட்டிகினு ஒரு மணி நேரம் பேசல” என்று சொல்லிச் சிரித்தாள். அந்தப் பக்கம் அவனும் சிரித்தது கேட்டது. நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

கீழே வந்ததும் அம்மா மொட்டையாக ஒன்று கேட்டாள். “அந்த ஆபீசருக்கு அக்கா தங்கச்சி யாரும் கீறாங்களா?”

“எனுக்கு இன்னா தெரியும்? லிஸ்ட்ல அதெல்லாம் போட மாட்டாங்க” என்று எரிந்து விழுந்தேன்.

வியாழக்கிழமை வர வேண்டிய கப்பல் புதன்கிழமையே வந்துவிட்டது. அம்மா விடிந்ததும் டிரம்மைக் கவிழ்க்காத குறையாகத் தேடினாள். ஆறு பழுத்திருந்தன. அதில் ஒன்று கை பட்டதும் உடைந்துவிட்டது. மீதி ஐந்து இன்னும் விறைப்பாகவே இருந்ததால் மறுபடி அரிசிக்குள் போயின. சரியாக ஐந்து தேறியதில் அம்மாவுக்கு ஏதோ தெய்வமே எண்ணிக் கொடுத்த மாதிரி சந்தோஷம். முட்டை அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் பஞ்சு வைத்து, தொப்பி கீழே இருக்கும்படி உட்கார வைத்தாள். பழுத்தபின் அதன் தோல் கண்ணாடி போல் மெலிந்து, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே தெரிந்தது. எண்ணூர் வரை அந்த அட்டையை வேனில் என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். டிரெய்லர் லாரிகள் பெயர்த்துப்போட்ட ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டினேன். அவர், “யக்கா, நானா தோண்டினேன்?” என்று கேட்டார்.

ஹெல்மெட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, கையில் முட்டை அட்டையோடு கப்பலின் தொங்குபடியில் ஏறினேன். செகண்ட் ஆபீசருக்கு முப்பது வயதுதான் இருக்கும், என் தம்பி வயது. அவருக்கும் எனக்கும் இங்கிலீஷ் ஒரே அளவு தெரியும், அதனால் நன்றாகவே புரிந்தது. மற்ற சாமான்களுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அட்டையை மேஜையில் வைத்து, பஞ்சை விலக்கி ஒரு பழத்தை மெல்ல எடுத்துத் திருப்பினார். தொப்பியின் மடிப்பில் எதையோ பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

எட்டிப் பார்த்தேன். அரிசி. ரெண்டு மணி அரிசி தொப்பி இதழுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

சாமானில் வேறு பொருள் கலந்திருந்தால் கப்பலில் திருப்பி அனுப்புவார்கள். நான் அவசரமாக, மன்னிக்கணும் சார், துடைத்துத் தருகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் பழத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அரிசிக்குள் வைத்தீர்களா?” என்று கேட்டார். என் அம்மா வைத்தார் என்றேன். “என் அம்மாவும்” என்றார். அவர்கள் வீட்டிலும் அரிசி ஜாடிக்குள்தான் இதைப் பழுக்க வைப்பார்களாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் ஜாடிக்குள் கையை விட்டுத் தேடுவாராம், அழுத்திப் பார்த்ததில் பழம் நசுங்கி அடி வாங்குவாராம். கடையில் கிடைப்பது எல்லாம் கெட்டிப் பழம், அதுதான் வரும் என்று நினைத்தேன் என்றார். அந்த ரெண்டு அரிசியையும் அவர் எடுக்கவில்லை.

போனில் ஒரு படம் காட்டினார். வீட்டுக்குப் பின்னால் ஒரு மரம். ஒரு இலைகூட இல்லை, கிளையெல்லாம் காய்ந்த சுள்ளி மாதிரி நிற்கிறது, ஆனால் மரம் முழுக்கப் பழம். குளிர் வந்ததும் இலை கொட்டிவிடும், பழம் மட்டும் நிற்கும் என்றார். உச்சியில் நாலைந்தை அவர் அம்மா பறிக்கவே விடமாட்டாராம், அது பறவைக்கு. இன்னொன்றும் சொன்னார். காய்த்த மரத்தை வெட்டிப் பார்த்தால் நடுவில் கறுப்பாக இருக்குமாம். காய்க்காத மரத்தில் அந்தக் கறுப்பு இருக்காதாம். பிள்ளை பெற்றவர்கள் உள்ளுக்குள் கருகிப்போவதற்கு அடையாளம் என்று அவர்கள் ஊரில் சொல்வார்களாம். அதனால்தான் படையலில் இந்தப் பழம் இல்லாமல் முடியாது.

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் எனக்கு உடனே கொட்டாவி வரும். அன்றைக்கு வரவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து போனில் தேடிப் பார்த்ததில், அந்த மரமும் என் கையில் கிடக்கும் கருங்காலியும் ஒரே குடும்பம் என்று போட்டிருந்தது. காய்த்தால்தான் கறுக்குமா என்பது எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், உங்களை அப்போது ஊருக்கு அனுப்பவில்லையா என்று கேட்டேன். கரைக்கு ஒன்பது நாள் தூரத்தில் இருந்தோம் என்றார். கப்பலில் இருந்து போன் செய்தேன், அக்கா போனை அம்மாவின் காதில் வைத்தாள், நான் பேசினேன், அம்மாவுக்குக் கேட்டதா தெரியாது, பிறகு என் வாட்ச் டியூட்டி நேரம் வந்துவிட்டது, போய் நின்றேன் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் தொங்குபடியில் இறங்கினேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்கிறேன். நைனாவின் கடைசி நாளில், மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோது, தம்பியும் கப்பலிலிருந்து போன் செய்தான். நான்தான் எடுத்தேன். “நைனாகிட்ட குடுக்கா” என்றான். “இப்ப இன்னாத்துக்கு?” என்று கேட்டுவிட்டு கட் செய்தேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள், அவளுக்குத் தெரியாது. ரெண்டு வருஷமாக நான் அவன் மேல் கோபமாக இருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் குரலைக் கேட்க எனக்குப் பயம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “இன்னா சொன்னாரு?” என்றாள். அவங்கம்மாவும் அரிசியிலதான் பழுக்க வைப்பாங்களாம் என்றேன். “பின்ன?” என்றாள், உலகத்தில் வேறு வழியே கிடையாது என்பதுபோல. சிறிது நேரம் கழித்து நானாகவே, “அவருக்கு ஒரு அக்கா கீறாங்க” என்றேன். அம்மா தலையை ஆட்டிவிட்டுக் காய் நறுக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை டிரம்மில் மிச்சம் இருந்ததில் ஒன்று பழுத்திருந்தது. அம்மா தட்டில் வைத்து ஸ்பூன் போட்டுக் கொடுத்தாள். தோலைக் கீறியதும் உள்ளே கூழாக இருந்தது. இளநீர் வழுக்கையில் பலாச்சுளையைக் கரைத்த மாதிரி ஒரு தித்திப்பு. என் வாயை ஒரு மணி நேரம் கட்டிப்போட்ட அதே பழம்தான். பாதி தின்றுகொண்டிருக்கும்போது போன் அடித்தது. அம்மா எடுத்து, வழக்கம்போல் என்னைப் பார்த்தாள்.

“இங்க குடு” என்றேன்.

கொடுத்துவிட்டு, அடுப்பில் ஒன்றுமே இல்லாதபோதும் அவசரமாக அடுப்படிக்குப் போய்விட்டாள்.

“அம்மா?” என்றான்.

“நான்தான்.”

கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். நொடி ஓடிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு நீ போன் பண்ணசொல்லோ நைனாவுக்கு உசுரு இருந்துச்சுடா” என்றேன். “காதுல வெச்சிருக்கலாம். நான்தான் வெக்கல.”

“தெரியும்க்கா.”

“எப்டித் தெரியும்?”

“நீ பேசசொல்லோ பின்னால நைனா இருமுனாரு. கேட்டுச்சு. அதையாச்சும் கேட்டேனேன்னு கீறேன்.”

ரெண்டு வருஷம் அவன் இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா என்னிடம் கேட்டிருப்பாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அப்புறம் என்னடா செய்தாய் என்று கேட்டேன். அன்றைக்கு அவன் என்ன செய்தான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“வாட்ச்சுக்குப் போனேன். இன்ஜின் ரூம்ல நீ எவ்ளோ கத்தி அழுதாலும் ஒருத்தனுக்கும் கேக்காதுக்கா” என்றான்.

மூக்கைச் சிந்திவிட்டு, “வர்ற வாரம் நைனா தெவசம். இன்னா படைக்கறது, சொல்லு” என்றேன்.

“போன வருசம் இன்னா வெச்சே?”

“வஞ்சிரம். முழு மீனு.”

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். “வஞ்சிரம் உனுக்குப் புடிச்சதுக்கா. நைனா உனுக்கு வெச்சிட்டு அவரு அந்தப் பொடி எறா, சென்னாக்குன்னிதான் துன்னுவாரு. சின்ன வெங்காயம் போட்டு, மொறுமொறுன்னு வறுத்து.”

உண்மைதான். மீனில் நடுத்துண்டு என் தட்டுக்குத்தான் வரும். நைனா தட்டில் என்ன இருந்தது என்று நான் பார்த்ததே இல்லை. போன வருஷம் முழு வஞ்சிரத்தை முன்னால் வைத்து அவரைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

“இரு, எழுதிக்கறேன்” என்று பையிலிருந்து ஆபீஸ் நோட்டை எடுத்தேன். சென்னாக்குன்னி, சின்ன வெங்காயம் என்று எழுதினேன்.

“இன்னும் இன்னா, சொல்லு” என்றேன்.